அறுமீன் சேர்ந்த இரவு: கார்த்திகை விளக்கீட்டின் வரலாறு

கார்த்திகைத் தீபம் என்ற சொல்லைக் கேட்டவுடன் திருவண்ணாமலை உச்சியில் எரியும் பெருஞ்சுடர் நம் மனக்கண்ணில் எழுகிறது. அயனும் மாலும் அடிமுடி தேடிய கதையும் உடன் எழுகிறது. இந்த மூன்றும், அதாவது விழாவும் மலையும் கதையும், தொடக்கம் முதலே ஒன்றாகப் பிறந்தவை என்ற எண்ணம் நமக்குள் ஆழப் பதிந்திருக்கிறது. ஆனால் தமிழ் நூல்களைக் கால வரிசையில் அடுக்கிவைத்துப் பார்க்கும்போது வேறொரு சித்திரம் கிடைக்கிறது. விளக்கு முதலில் வருகிறது. மலை பிறகு வருகிறது. விளக்கையும் மலையையும் இணைக்கும் கதை அதற்கும் பிறகே வந்து சேர்கிறது. இந்த வரிசையைப் பொறுமையாகத் தொடர்ந்து செல்வதே இக்கட்டுரையின் நோக்கம். விழாவின் பெருமையைக் குறைப்பது நம் எண்ணமன்று. ஈராயிரம் ஆண்டுக்கால விழா ஒன்று எவ்வாறு உயிர் பிழைத்து வந்திருக்கிறது என்று அறிவதே நம் விருப்பம்.

வானில் குறிக்கப்பட்ட நாள்

முதலில் வானத்தைப் பார்ப்போம். கார்த்திகை என்பது ஒரு விண்மீன் கூட்டம். வெறுங்கண்ணுக்கு ஆறு மீன்கள் நெருங்கி நிற்பதுபோல் தெரியும். அதனால் அதற்கு 'அறுமீன்' என்று பெயர். 'ஆரல்' என்பதும் அதன் பழந்தமிழ்ப் பெயரே. மலைபடுகடாம் அதை 'ஆஅல்' என்று அளபெடையோடு குறிப்பிட்டு, புதரில் வெண்மையாகப் பூத்துக் கிடக்கும் முசுண்டைப் பூவுக்கு உவமையாக்குகிறது. இரவு வானைப் பார்த்துப் பழகிய கண்களுக்கே அவ்வுவமை தோன்றும்.

கார்த்திகைத் திங்களில் கதிரவன் விருச்சிக இராசியில் நிற்கிறான். முழுநிலவு எப்போதும் கதிரவனுக்கு நேரெதிரே நிற்கும். விருச்சிகத்துக்கு எதிரே இருப்பது இடப இராசி. அறுமீனின் பெரும்பகுதி அங்கேதான் அடங்குகிறது. ஆகவே ஆண்டில் இந்தத் திங்களில்தான் நிறைமதியும் அறுமீனும் அருகருகே சேர்ந்து, மாலையில் கிழக்கே எழுந்து, நள்ளிரவில் உச்சி வானை எட்டுகின்றன. ஏடும் எழுத்தும் வேண்டாத நாட்காட்டி இது. உழவனும் மீனவனும் அண்ணாந்து பார்த்தே நாளை அறிந்துகொள்ளலாம்.

இந்த வானக்காட்சியை அப்படியே பதிவுசெய்திருக்கும் பாடல் அகநானூற்றின் 141ஆம் பாட்டு. பாடியவர் நக்கீரனார். பொருள்தேடப் பிரிந்த தலைவனை எண்ணித் தலைவி தோழியிடம் பேசுகிறாள். இரவுதோறும் இனிய கனவுகள் வருகின்றன, புள் நிமித்தமும் நன்றாக இருக்கிறது, நெஞ்சும் மகிழ்கிறது, அவர் வந்துவிடுவார் என்கிறாள். எந்நாளுக்குள் வரவேண்டும் என்பதையும் சொல்கிறாள். உழுதொழில் ஓய்ந்து கலப்பைகள் உறங்குகின்றன. மழை நீங்கிய வானில் முயல்கறை தெளிவாகத் தெரிய மதி நிறைந்து அறுமீனைச் சேர்கிறது. அந்த நள்ளிரவில் தெருவெங்கும் விளக்கேற்றி, மாலைகள் தொங்கவிட்டு, பழம்பெருமை வாய்ந்த ஊரில் பலரும் கூடி விழா எடுக்கின்றனர். அவ்விழாவைத் தன்னோடு சேர்ந்து கொண்டாட அவர் வரவேண்டும் என்பதே அவள் விருப்பம்.

இப்பாட்டைப் பாடம் சொல்லும்போதெல்லாம் மாணவர்கள் தவறாமல் கேட்கும் வினா ஒன்றுண்டு: "இது எந்தச் சாமிக்கு எடுத்த விழா?" பாட்டில் விடை இல்லை. நாள் இருக்கிறது, நிலவு இருக்கிறது, தெரு விளக்கு இருக்கிறது, கூடிக் களிக்கும் ஊர் இருக்கிறது. தெய்வத்தின் பெயர் மட்டும் இல்லை. தெய்வம் இல்லாத விழா என்று இதனால் முடிவுகட்டிவிட முடியாது. அகப்பாடலின் வேலை விழாவின் சமயப் பொருளை விளக்குவதன்று. ஆனால் ஒன்றை உறுதியாகச் சொல்லலாம். விழா என்றவுடன் அப்புலவரின் நினைவில் முதலில் எழுந்தவை தெருவில் எரியும் விளக்குகளும் பிரிந்தவர் திரும்பி வருதலும்தாம்.

அதே பாட்டில் இன்னொரு காட்சியும் வருகிறது. புதுமணப்பெண் உள்ள வீட்டில் அடுப்பின்மேல் பால் உலை ஏறியிருக்கிறது. மகளிர் வயலில் முற்றிய நெற்கதிரை முறித்துக் கொணர்ந்து உலக்கையால் பச்சை அவல் இடிக்கின்றனர். இன்றும் கார்த்திகை நாளில் நம் வீடுகளில் அவற்பொரியும் நெற்பொரியும் வெல்லப்பாகு சேர்த்துப் படைக்கப்படுகின்றன. புலவர் அக்காட்சியை விழாவின் பகுதியாகச் சொல்லவில்லை. சோழநாட்டு இடையாற்று ஊரின் வளத்தைச் சொல்லவே கொண்டுவருகிறார். ஆயினும் அவலும் விளக்கும் ஒரே பாட்டில் நிற்பதைக் காணும்போது நமக்குச் சிறு வியப்பு எழாமல் இல்லை.

உவமைகளில் எரியும் விளக்குகள்

ஒரு வழக்கம் ஒரு சமூகத்தில் எவ்வளவு வேரூன்றியிருந்தது என்பதை அறிய நேரடி வருணனைகளைவிட உவமைகளே சிறந்த சான்று. எல்லோருக்கும் தெரிந்த ஒன்றைத்தான் புலவன் உவமையாக்குவான். கார்த்திகை விளக்கு தமிழ்க் கவிதையில் மிக எளிதாக உவமையாகிவிடுகிறது.

நற்றிணையின் 202ஆம் பாட்டு பாலை பாடிய பெருங்கடுங்கோவுடையது. தலைவியை உடன் அழைத்துச் செல்லும் தலைவன் வழியிலுள்ள காட்டைக் காட்டுகிறான். கோங்க மரங்கள் பூத்து நிற்கும் அக்காடு அறுமீனுக்குரிய திங்களில் வரிசையாக ஏற்றிய விளக்குகளைப் போலிருக்கிறது என்கிறான். அத்திங்களை அறம் செய்தற்குரிய திங்கள் என்று புலவர் சிறப்பிப்பது நோக்கத்தக்கது. ஈகையும் விளக்கும் அன்றே இணைந்திருந்தன போலும். அகநானூற்றின் 11ஆம் பாட்டில் ஔவையார் இலையுதிர்ந்து பூத்த இலவ மரத்தை மகளிர் கூட்டம் ஆரவாரத்தோடு கூடி ஏற்றிய விளக்கு வரிசைக்கு ஒப்பிடுகிறார். அங்கே கார்த்திகை என்ற பெயர் இல்லை. உரைகாரர்கள் அதனைக் கார்த்திகை விளக்கென்றே கொண்டனர்.

பதினெண்கீழ்க்கணக்குக்கு வரும்போது பெயரும் வெளிப்படையாக வந்துவிடுகிறது. மதுரைக் கண்ணங்கூத்தனாரின் கார் நாற்பதில், கார்த்திகை நாளில் நாட்டவர் ஏற்றிய விளக்குகளைப் போலத் தோன்றிப் பூக்கள் நிலமெங்கும் பூத்தன என்ற செய்தி வருகிறது. தோன்றியைச் செங்காந்தளென்பர். சுடர்போல நெளிந்து மேல்நோக்கி நிற்கும் இதழ்களைக் கொண்ட அப்பூவுக்கு மக்கள் வழங்கும் பெயர் கார்த்திகைப்பூ. புலவன் பூவை விளக்காகக் கண்டான். மக்கள் விளக்கு நாளின் பெயரையே பூவுக்கு இட்டனர். இன்று தமிழ்நாட்டின் மாநில மலர் அதுவே.

கார் நாற்பது அந்நாளைத் 'தலைநாள்' என்றும் சொல்கிறது. விழாவின் முதல்நாள் என்று இதற்குப் பொருள் கொள்வோர் உண்டு. நாள்மீன்களுள் முதலாவது என்று கொள்வோரும் உண்டு. பிற்காலத்தில் அசுவினி முதலாக எண்ணப்பட்ட நாள்மீன் வரிசை, தைத்திரீய சங்கிதை போன்ற வேத நூல்களில் கிருத்திகை முதலாகவே எண்ணப்படுகிறது. அதே மரபில் அம்மீனுக்கு அதிதேவதை அக்கினி. பரிபாடலின் 11ஆம் பாட்டும் கார்த்திகையை 'எரி' என்ற சொல்லால் குறிக்கிறது. தீக்குரிய மீன் நிலவோடு கூடும் நாளில் தீயேற்றுவது என்பதில் ஒரு பொருத்தம் இருக்கிறது. அது தெற்கிலிருந்து வடக்கே சென்றதா, வடக்கிலிருந்து தெற்கே வந்ததா என்று வழக்காடுவதில் பயனில்லை. ஒரே வானத்தை இரு நிலத்தாரும் பார்த்தனர். பார்த்ததைப் பேசியும் கொண்டனர்.

களவழி நாற்பதில் உவமை கொடூரமாக மாறுகிறது. பொய்கையார் பாடிய அந்நூலின் 17ஆம் செய்யுளில், போர்க்களத்தில் வெட்டுண்டு வீழ்ந்தோரின் குருதி கார்த்திகை விழாவின் மிகுதியான விளக்குகளைப் போலச் சுடர்ந்தது என்கிறார். விழாவைக் குறிக்க அவர் ஆளும் சொல் 'சாறு'. மங்கலத்தின் உருவான விளக்கைக் குருதிக்கு உவமையாக்கும் துணிவு ஒருபுறம் இருக்கட்டும். அந்த ஒப்பீடு கேட்பவருக்குச் சட்டென விளங்க வேண்டுமானால் கார்த்திகை இரவின் செம்மை எல்லோர் கண்ணிலும் நிறைந்திருக்க வேண்டும் அல்லவா?

தொல்காப்பியத்தையும் இங்கே சொல்லவேண்டும். புறத்திணையியலில் வரும் 'விளக்கு நிலை' என்னும் துறைக்கு உரையெழுதிய நச்சினார்க்கினியர், அது கார்த்திகைத் திங்களில் கார்த்திகை நாளில் ஏற்றும் விளக்கென்றும், அதன் சுடர் நிற்கும் நிலையை அரசனின் வெற்றிக்கு நிமித்தமாகக் கொள்வரென்றும் விளக்குகிறார். இதை வைத்துத் தொல்காப்பியத்திலேயே கார்த்திகைத் தீபம் இருக்கிறது என்று எழுதுவோர் பலர். நூற்பாவில் கார்த்திகை இல்லை, உரையில்தான் இருக்கிறது. உரைகாரர் காலம் பதினான்காம் நூற்றாண்டு. அது அவர் கால வழக்கத்துக்கு நல்ல சான்று. தொல்காப்பியர் கால வழக்கத்துக்குச் சான்றாகாது. வரலாறு எழுதும்போது இந்த வேறுபாட்டைக் காப்பது தேவை.

பூம்பாவை காணாத விளக்கீடு

விழா கோயிலுக்குள் வந்துவிட்டதை நாம் தெளிவாகக் காணும் இடம் ஏழாம் நூற்றாண்டு மயிலாப்பூர். அரவு தீண்டி இறந்த பூம்பாவையின் எலும்பைக் குடத்திலிட்டுக் காத்திருந்தார் அவள் தந்தை சிவநேசர். திருஞானசம்பந்தர் பதிகம் பாடி அவளை உயிர்ப்பித்தார் என்பது சேக்கிழார் விரித்துரைக்கும் வரலாறு. அப்பதிகத்தின் அமைப்பு விந்தையானது. சிவனடியாருக்கு அமுதிடல், ஐப்பசி ஓணம், கார்த்திகை விளக்கீடு, திருவாதிரை, தைப்பூசம், மாசிக் கடலாட்டு, பங்குனி உத்திரம் என்று கபாலீச்சரத்தின் விழாக்களை ஒவ்வொன்றாகச் சொல்லி, இவற்றையெல்லாம் காணாமலா போய்விட்டாய் என்று இறந்த பெண்ணைக் கேட்கிறார் சம்பந்தர். உயிரோடிருப்பதற்கு அவர் காட்டும் காரணம் விழாக்களே. தத்துவம் சொல்லி அவளை எழுப்பவில்லை. ஊர்த் திருவிழாவின் ஆசையைக் காட்டி எழுப்புகிறார்.

விளக்கீட்டுப் பாடலில் மூன்று செய்திகள் உள்ளன. முதலாவது, அந்த நாளுக்கு அவர் இடும் அடைமொழி 'தொல்'. ஏழாம் நூற்றாண்டிலேயே அது பழைய விழா. இரண்டாவது, கொண்டாடுவோர் மகளிர். ஔவையார் பாட்டில் கூடி ஏற்றிய அதே பெண்கள் கூட்டம் இங்கே மயிலையின் தெருக்களில் நிற்கிறது. மூன்றாவதுதான் மிக முக்கியமானது. அயனும் மாலும் அறியாத இறைவன் என்ற செய்தி அப்பாடலில் இல்லை. ஆனால் பதிகத்தில் அச்செய்தி இருக்கிறது. எங்கே என்றால், பொன்னூசல் விழாவைச் சொல்லும் ஒன்பதாம் பாடலில்!

சம்பந்தர் தம் பதிகங்களின் ஒன்பதாம் பாடலில் அயன்மால் கதையை வைப்பது வழக்கம். ஆகவே அவ்விடம் மரபால் அமைந்தது என்பதை மறக்கக்கூடாது. எனினும், ஒரே பதிகத்துள் கார்த்திகை விளக்கையும் அயன்மால் கதையையும் பாடும் புலவர் இரண்டையும் முடிச்சிடவில்லை என்பது கவனிக்க வேண்டிய மௌனம். பிற்காலச் சைவர் ஒருவர் கார்த்திகையைப் பாடினால் தழற்பிழம்பைச் சொல்லாமல் விடுவாரா? சம்பந்தருக்கு அது தோன்றவில்லை. அவருக்கு அந்த நாளின் பொருள் பழமையும் மகளிரும் விளக்கும்தாம்.

மலையேறிய விளக்கு

திருவண்ணாமலையைச் சம்பந்தரும் அப்பரும் பாடியிருக்கின்றனர். அருவியும் மூங்கிலும் யானையும் வேடரும் நிறைந்த மலைக்காட்சிகள் சம்பந்தர் பாடல்களில் உண்டு. அயனும் மாலும் தேடிய கதையும் உண்டு. ஆனால் மலையுச்சியில் கார்த்திகை நாளன்று தீபம் ஏற்றுவதாக அப்பதிகங்கள் பேசவில்லை.

மலைமேல் விளக்கு என்ற காட்சி தமிழ்க் காப்பியத்தில் வருவது ஏறத்தாழப் பத்தாம் நூற்றாண்டைச் சேர்ந்த சீவக சிந்தாமணியில். பாடிய திருத்தக்கதேவர் சமண முனிவர். குன்றின்மேல் கார்த்திகை விளக்கு இட்டதைப் போல என்று உவமை சொல்கிறார். எந்தக் குன்று என்று அவர் சொல்லவில்லை. சொல்லத் தேவையும் இருந்திருக்காது. குன்றுகளில் விளக்கேற்றுவது பொது வழக்கமாக இருந்திருந்தால்தான் இத்தகைய உவமை எழும். சைவரல்லாத ஒருவர் தயக்கமின்றி அதை எடுத்தாள்வதும் அந்த விளக்கு அன்று எல்லோர்க்கும் பொதுவாக இருந்ததைக் காட்டுகிறது.

மறுபுறம், தழற்பிழம்பாய் நின்ற சிவனின் கதை தனியே வளர்ந்துகொண்டிருந்தது. இலிங்கபுராணம் போன்ற வடமொழிப் புராணங்கள் அதை விரித்துரைத்தன. எட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இராசசிம்ம பல்லவன் எடுப்பித்த காஞ்சிக் கைலாசநாதர் கோயிலில் இலிங்கோத்பவர் சிற்பத்தைக் காண்கிறோம். சோழர் கோயில்களில் கருவறையின் மேற்குப்புற மாடத்தில் இலிங்கோத்பவரை வைப்பது நிலைபெற்ற மரபாயிற்று. இவ்வாறு கதை கல்லில் நிலைத்தது. விளக்கு மலையில் எரிந்தது. தழலே மலையாகக் குளிர்ந்து நின்றது அண்ணாமலை என்ற எண்ணம் வலுப்பெற்றபோது இரண்டும் ஒன்றையொன்று தேடிவந்து சேர்ந்தன என்றே நாம் கருதுகிறோம். கந்தபுராணத்தின் பகுதியாக வழங்கும் வடமொழி அருணாசல மாகாத்மியமும், சைவ எல்லப்ப நாவலர் தமிழில் பாடிய அருணாசல புராணமும் இந்த இணைப்புக்கு முழு வடிவம் தந்தன. அம்மை தவமிருந்து இறைவனின் இடப்பாகம் பெற்ற கதையும் கார்த்திகை நாளோடு பின்னப்பட்டது. இன்றும் மலையில் தீபம் ஏறும் வேளையில் அர்த்தநாரீசுவரர் கணப்பொழுது வெளிவந்து காட்சி தருவது அக்கதையின் நிகழ்த்துவடிவமே.

கோயிலுக்குள் வந்ததால் விளக்குக்கு நிலையான பொருளாதாரமும் கிடைத்தது. தஞ்சைப் பெரிய கோயிலின் இராசராசன் காலக் கல்வெட்டுகளில் விழா நாட்களின் பட்டியலில் கார்த்திகையும் இடம்பெறுகிறது. சோழர் காலத்தில் ஒரு நுந்தா விளக்கு எரிக்கப் பெரும்பாலும் 96 ஆடுகள் கொடுக்கப்பட்டன. ஆட்டை ஏற்ற இடையர் நாள்தோறும் உழக்கு நெய் அளக்கவேண்டும். ஈன்று பெருகுவதால் மந்தை குறையாது என்னும் கணக்கில் அவற்றைச் சாவா மூவாப் பேராடு என்றனர். அரசனும் வணிகனும் போரில் இறந்தவனின் உறவினரும் விளக்கு வைத்தனர். கொலைக் குற்றத்துக்குத் தண்டமாகவும் விளக்கு விதிக்கப்பட்டது. அழியாத விளக்கு என்பது மேய்ச்சல் நிலம், ஆடு, இடையர், அளவைக் கருவி என்னும் இத்தனையின் மேல் எரிந்தது.

ஆடு கொடுக்க இயலாதவருக்கும் சைவ மரபு ஓர் இடம் வைத்திருக்கிறது. கணம்புல்ல நாயனார் புல் அறுத்து விற்று விளக்கெரித்தவர். புல் விற்காத நாளில் புல்லையே திரித்து எரித்தார்; அதுவும் போதாதபோது தம் தலைமுடியையே எரிக்கத் துணிந்தார் என்று பெரியபுராணம் கூறுகிறது. அவரது குருபூசை நாள் கார்த்திகைத் திங்கள் கார்த்திகை மீனே.

ஒரே சுடர், பல கதைகள்

சைவம் மட்டும் இந்நாளுக்குப் பொருள் சொல்லவில்லை. முருகனைப் பெற்று வளர்த்த அறுவர் கதை சங்கத் தொகையிலேயே உண்டு. பரிபாடலின் 5ஆம் பாட்டில் கடுவன் இளவெயினனார் அதை விரிவாகச் சொல்கிறார். கார்த்திகைப் பெண்டிர் வானில் மீன்களாயினர். அவர்களுக்குரிய நாள் முருகனுக்குரிய நாளாயிற்று. முருகன் கோயில்களில் ஏற்றுவதைக் குமாராலய தீபம் என்கிறோம்.

வைணவத்தில் திருமங்கையாழ்வாரின் பிறந்தநாள் கார்த்திகைத் திங்கள் கார்த்திகை மீன். காஞ்சியில் விளக்கொளிப் பெருமாள் என்ற பெயரிலேயே ஒரு திருமால் இருக்கிறார். நான்முகன் வேள்வியை இருளால் கெடுக்க முயன்றபோது திருமால் பேரொளியாய் நின்று காத்தார் என்பது அத்தலத்து வரலாறு. சைவத்தில் அடிமுடி காணாது மயங்கும் நான்முகனும் திருமாலும் இங்கே வேள்வி செய்பவராகவும் அதைக் காக்கும் ஒளியாகவும் நிற்கின்றனர். பாத்திரங்கள் அவரே, கதை திரும்பிவிட்டது. நடுவில் எரியும் சுடர் மட்டும் மாறவில்லை. பாஞ்சராத்திர முறைப்படி அமையும் வைணவ தீபம் பல ஆண்டுகளில் அடுத்த நாளில் வருவதால், நாட்காட்டியிலும் இருசாராருக்கும் தனித்தனி நாள் கிடைத்துவிட்டது.

கோயில் வாசலில் பனைமரத் துண்டை நட்டு, உலர்ந்த ஓலைகளைக் கட்டிக் கொளுத்தும் சொக்கப்பனை இரு சமயத்தார் கோயில்களிலும் உண்டு. சைவர் அதை முப்புரம் எரித்ததென்றும் தழற்பிழம்பென்றும் சொல்வர். கதையறியாத உழவர் கரிந்த துண்டையும் சாம்பலையும் எடுத்துச்சென்று வயலில் இடுவர். எரித்த பனம்பூவைப் பொடித்துத் துணியில் பொதிந்து, பனைமட்டைக்குள் வைத்துக் கயிற்றில் கட்டிச் சிறுவர் சுழற்றும் மாவளிக்கு மாவலி மன்னனின் பெயரைக் காரணமாகச் சொல்வோர் உண்டு. சுற்றும் சிறுவனுக்கு எந்தக் காரணமும் தேவைப்படுவதில்லை. பொறிகள் வட்டமாகச் சிதறினால் போதும்.

மலையுச்சியும் வீட்டு வாசலும்

இன்றைய திருவண்ணாமலைத் திருவிழா கொடியேற்றத்தில் தொடங்கிப் பத்தாம் நாளில் உச்சமடைகிறது. விடியற்காலையில் கருவறை முன்பு பரணி தீபம்; மாலை ஆறு மணிக்கு 2,668 அடி உயர மலையுச்சியில் மகாதீபம். ஒன்று பலவாதலைக் காலையும், பலவும் ஒன்றாதலை மாலையும் குறிக்கும் என்பர். ஆளுயரக் கொப்பரை, 3,500 கிலோ அளவிலான நெய், 1,000 மீட்டருக்கு மேற்பட்ட காடாத்துணி என்று ஏற்பாடுகள் பெரியவை. தீபமேற்றும் உரிமை பருவதராச குலத்தாருடையது. அவர்கள் மரபால் மீனவர். வேத மந்திரமும் ஆகமமும் வளர்ந்து செழித்த பெருங்கோயிலின் உச்சச் சடங்கு இன்றும் மீனவர் கையில் இருக்கிறது. குன்றில் விளக்கேற்றியவர்கள் கோயிலுக்கு முன்னரே அங்கிருந்திருக்கலாம் என்ற ஊகத்துக்கு இது இடம் தருகிறது. ஊகம் என்பதற்கு மேல் அதை நாம் நீட்டவில்லை.

2024 திசம்பர் 1 அன்று ஃபெஞ்சல் புயலின் பெருமழையில் அம்மலையில் மண்சரிந்து, அடிவாரத்து வீட்டில் இருந்த ஏழு பேர் மாண்டனர். அவ்வாண்டுத் தீபம் திசம்பர் 13இல் வந்தது. பக்தர்கள் மலையேறத் தடைவிதிக்கப்பட்டு, பணியாளர் மட்டும் ஏறித் தீபம் ஏற்றினர். மலையே இறைவன் என்று சொல்லிக்கொண்டு அதன் மடியில் வீடுகளை அடுக்கும் நம் பழக்கத்தை அச்சரிவு கேள்விக்குள்ளாக்கியது. விழா இவ்வளவு பெரிதாக வளர்ந்து ஒரே இடத்தில் குவிந்ததன் விலையையும் நாம் எண்ணிப் பார்க்கவேண்டும்.

குவியாத இடங்களும் உள்ளன. கேரளத்தில் அதே நாள் திருக்கார்த்திகை. கோட்டயம் அருகே குமாரநல்லூர் பகவதி கோயிலில் அது பெருவிழா. அங்கே அது தேவிக்குரிய நாள். யாழ்ப்பாணத்தில் இவ்விழாவை மக்கள் இன்றும் 'விளக்கீடு' என்றே சொல்கின்றனர். சம்பந்தர் மயிலையில் ஆண்ட அதே சொல் பாக்குநீரிணைக்கு அப்பால் பேச்சு வழக்கில் உயிரோடிருக்கிறது. வீட்டு வாயிலில் வாழைத்தண்டை நட்டு அதன் தலையில் சுடரேற்றுவதும், முற்றம் கிணற்றடி தொழுவம் என எல்லா இடத்திலும் சிறு பந்தங்கள் நடுவதும் அங்குள்ள வழக்கம். தமிழகத்தில் நாம் 'தீபம்' என்ற சொல்லுக்கு மாறிவிட்டோம். சொல் மாறியபோது அழுத்தமும் மாறியது. தீபம் என்றால் பார்ப்பது; விளக்கீடு என்றால் இடுவது.

இந்நாளைப் பற்றிய பேச்சுகளில் இரண்டு குரல்கள் ஓங்கி ஒலிக்கின்றன. ஒன்று, இது ஆதிமுதல் சைவ விழா என்கிறது. மற்றொன்று, இது தூய தமிழ் விழா, புராணங்கள் இதைக் கவர்ந்துகொண்டன என்கிறது. முதற்குரல் நக்கீரனாரின் தெருவை மறந்துவிடுகிறது. கடவுளின் பெயரின்றியே நிறைவோடு எரிந்த விளக்குகள் அதற்குத் தெரிவதில்லை. இரண்டாம் குரல் பல நூறு ஆண்டுகளாக அந்தச் சுடரில் இறைவனைக் கண்டு கைகூப்பிய எண்ணற்ற மனிதர்களை ஏமாந்தவர்கள் என்று ஒதுக்கிவிடுகிறது. நூல்கள் காட்டும் வரலாறு இரண்டுக்கும் இடம் தரவில்லை. சமணப் புலவர், சைவக் குழந்தை, வைணவ ஆசாரியர், மீனவர், இடையர், புல் விற்றவர் எனப் பலரும் தத்தம் பொருளை இந்நாளின்மேல் ஏற்றியிருக்கின்றனர். ஒருவர் ஏற்றிய பொருள் மற்றவருடையதை அணைத்துவிடவில்லை. அதனால்தான் விழா பிழைத்தது.

இவ்வளவு மாற்றங்களுக்கும் இடையே மாறாதது ஒன்றைச் சொல்லவேண்டுமானால் அது அகல் ஏந்திய பெண்களின் கையே. ஔவையார் பாட்டிலும் மயிலைப் பதிகத்திலும் ஏற்றுவோர் பெண்கள். சில குடும்பங்களில் உடன்பிறந்த ஆண்களின் நலத்துக்காகப் பெண்கள் இந்நாளில் நோன்பிருப்பதும், பிறந்த வீட்டிலிருந்து கார்த்திகைச் சீர் வருவதும் இன்றும் தொடர்கின்றன. பிரிந்தவர் நலமாகத் திரும்பவேண்டும் என்று அகநானூற்றுத் தலைவி விரும்பிய அதே விழைவின் மற்றொரு வடிவமாக அதைக் காணலாம். கல்வெட்டு வெட்டிக்கொள்ளாத, நிவந்தம் கேட்காத, உரைகாரர் கண்ணில் படாத தொடர்ச்சி அது. மலையுச்சித் தீபத்தைத் தொலைக்காட்சியில் பார்த்துவிட்டு நிறைவடையும் வீடுகள் பெருகிவருகின்றன. பார்ப்பதில் குறையொன்றுமில்லை. ஆனால் இவ்விழாவின் மிகப் பழைய பகுதி எதுவென்று கேட்டால், அது வாசற்படியில் வைக்கும் அந்த ஓர் அகல்தான் என்று நம் நூல்கள் சொல்கின்றன.